தாளும் கையும்: சாங்கியில் தகுதி அளக்கப்படும் விதம்

சிங்கப்பூரின் கிழக்கு முனையிலுள்ள சாங்கியை உலகம் விமான நிலையமாகத்தான் அறியும். தமிழர்கள் அதை வேலையிடமாகவும் அறிவார்கள். 1997-இல் தொடங்கப்பட்ட சாங்கி வர்த்தகப் பூங்காவில் டிபிஎஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போன்ற வங்கிகளின் தொழில்நுட்பப் பிரிவுகள் இயங்குகின்றன. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் பொறியியல் படித்தவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, 1,080 ஹெக்டேர் பரப்பில் சாங்கி ஈஸ்ட் மேம்பாட்டுத் திட்டம் நடக்கிறது. அதன் மையமான ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2030-களின் நடுப்பகுதியில் திறக்கும்போது அந்த முனையம் ஆண்டுக்கு சுமார் 5 கோடிப் பயணிகளைக் கையாளும். சிங்கப்பூரில் இத்தகைய கட்டுமானங்களில் கம்பி கட்டுவதும் கான்கிரீட் போடுவதும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள்.

இந்த இரு வகை வேலைக்கும் வெளிநாட்டுத் தகுதியோடுதான் ஆட்கள் வருகிறார்கள். இரு வகையினரின் தகுதியையும் சிங்கப்பூர் சோதித்துத்தான் உள்ளே விடுகிறது. சோதிக்கும் முறைதான் வேறு. தொழிலாளியின் கை சோதிக்கப்படுகிறது, பொறியாளரின் தாள் சோதிக்கப்படுகிறது. தாளைச் சோதிக்கும்போது உண்மையில் எடைபோடப்படுவது அதைக் கையில் வைத்திருப்பவரா, அதைக் கொடுத்த நிறுவனமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கையைச் சோதிக்கும் முறை

இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து கட்டுமானத் துறைக்கு ஒர்க் பெர்மிட்டில் வருபவர், சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் வகுத்த திறன் மதிப்பீட்டுச் சான்றிதழை முதலில் பெற்றிருக்க வேண்டும். தேர்வு அவரவர் நாட்டிலேயே, ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற மையங்களில் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் அத்தகைய மையங்கள் உண்டு. ஊரில் இதற்கு ‘ஸ்கில் டெஸ்ட்’ என்று பெயர். கம்பி கட்டுதல், டைல்ஸ் பதித்தல், பூச்சு வேலை, குழாய் பொருத்துதல், வயரிங், வெல்டிங் என்று தொழில்வாரியாகச் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள். அதோடு அந்தத் தொழில் பற்றிய அறிவுத் தேர்வும் உண்டு. எந்தப் பள்ளியில் படித்தார், யாரிடம் தொழில் கற்றார் என்பது அங்கே ஒரு பொருட்டில்லை. குறித்த நேரத்துக்குள் வேலை சரியாக முடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இந்த முறையில் குறைகள் நிறைய. பயிற்சி மையத்துக்கும் ஏஜென்டுக்கும் பணம் கட்டக் கடன் வாங்குகிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். பி.இ. முடித்தவர்கள்கூட உரிய வேலை கிடைக்காமல் ஸ்கில் டெஸ்ட் எழுதித் தொழிலாளியாகப் போவதும் நடக்கிறது. ஆனாலும் சோதனைக்கு உள்ளாவது அந்த மனிதரின் திறன்தான். அந்தத் திறனுக்கு அரசே விலையும் வைத்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் இந்நாடுகளிலிருந்து வந்த அடிப்படைத் திறன் கொண்ட தொழிலாளி ஒருவருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை கட்ட வேண்டும். உயர்திறன் தொழிலாளி என்றால் 500 வெள்ளி போதும். தொழிலாளி ஒரு படி ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம்.

தாளைச் சோதிக்கும் முறை

பட்டதாரிகள் வரும் வழி எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2023 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கும், 2024 செப்டம்பர் 1 முதல் புதுப்பிப்புகளுக்கும், மனிதவள அமைச்சு ‘காம்பஸ்’ என்ற புள்ளிமுறையைப் பின்பற்றுகிறது. முதலில் சம்பள வரம்பைத் தாண்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் அது மாதம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது கூடக் கூட வரம்பும் ஏறும். அதைத் தாண்டியவர் 40 புள்ளிகள் எடுத்தால் தேறுவார்.

அடிப்படை அளவுகோல்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் 0, 10, 20 என மூன்று நிலைகள். அந்தத் துறையின் உள்ளூர் ஊழியர்களோடு ஒப்பிடும்போது விண்ணப்பதாரரின் சம்பளம் எங்கே நிற்கிறது என்பது முதல் அளவுகோல். கல்வித் தகுதி இரண்டாவது. நிறுவனத்தில் அவருடைய நாட்டினர் எத்தனை விழுக்காடு என்பது மூன்றாவது. நிறுவனம் உள்ளூர்வாசிகளை எந்த அளவுக்கு வேலைக்கு வைத்திருக்கிறது என்பது நான்காவது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், நாட்டின் பொருளாதார முன்னுரிமைகளுக்கு உதவும் நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு.

கல்வித் தகுதியில் 20 புள்ளி, அமைச்சு முன்னணி நிறுவனங்கள் என்று பட்டியலிட்டவற்றில் படித்தவர்களுக்கு. வேறு நிறுவனத்தில் பெற்ற, பட்டத்துக்கு இணையான தகுதிக்கு 10. அதுவும் இல்லையென்றால் 0. கியூஎஸ் உலகத் தரவரிசையின் முதல் 100 பல்கலைக்கழகங்களோடு ஆசியாவில் பெயர்பெற்ற வேறு சிலவும் முன்னணிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. 2025, 2026 ஆகிய இரு ஆண்டுகளுக்கான கியூஎஸ் தரவரிசையிலும் முதல் நூறில் இந்திய நிறுவனம் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்த பெரும்பான்மையோர் எதிர்பார்க்கக்கூடியது 10 புள்ளிதான்.

அந்தப் பத்து எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். நிபுணர்களில் கால்வாசிக்கு மேல் இந்தியர்கள் இருக்கும் நிறுவனத்துக்கு ஓர் இந்தியர் விண்ணப்பித்தால் மூன்றாவது அளவுகோலில் அவருக்கு 0. அவருடைய சம்பளம் துறையின் உள்ளூர் நிபுணர்களில் 65 விழுக்காட்டினரின் சம்பளத்தை எட்டி, 90 விழுக்காட்டினருடையதை எட்டாமல் இருந்தால் 10. நிறுவனம் உள்ளூர்வாசிகளை நிறைய வைத்திருந்தால் 20. மொத்தம் 30. கூடுதல் புள்ளி ஏதும் இல்லையென்றால் மீதிப் பத்தைப் பட்டம்தான் தர வேண்டும். சாங்கி வர்த்தகப் பூங்காவில் ஒரு தமிழ்ப் பொறியாளருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அவருடைய பட்டத் தாளில் தொங்குவது இப்படித்தான்.

பட்டத்துக்குப் புள்ளி கேட்பவர் அதைச் சரிபார்த்ததற்கான ஆதாரத்தையும் தர வேண்டும். பின்புலச் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்று பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொண்டு, சான்றிதழ் அங்கே வழங்கப்பட்டதுதானா, அந்த நிறுவனம் அங்கீகாரம் பெற்றதுதானா என்று கேட்டு அறிக்கை தரும். பட்டத்தின் உதவியில்லாமலே 40 புள்ளி வந்துவிடும் என்றால் பட்டத்தைக் குறிப்பிட வேண்டியதே இல்லை. மாதம் 22,500 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் வாங்குபவருக்கோ காம்பஸ் சோதனையே கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மிகக் கீழே இருக்கும் தொழிலாளியிடம் பட்டம் கேட்பதில்லை, கை சோதிக்கப்படுகிறது. மிக மேலே இருப்பவரிடமும் கேட்பதில்லை, சம்பளமே அவருக்குச் சாட்சி. சந்தை ஒருவருக்குக் கொடுக்கும் விலை அவருடைய திறனைச் சொல்லிவிடும் என்பது அரசின் நம்பிக்கை. நேர்முகத் தேர்வு நடத்திய நிறுவனத்துக்கே ஆளின் திறமை தெரியும், அரசு அதில் தலையிட வேண்டியதில்லை என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நடுவில் இருப்பவர்களுக்கு முழுமையாகப் பொருத்துவதில்லை. அவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

இந்தச் சாட்சி தேவைப்பட்டதற்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. இந்தியாவும் சிங்கப்பூரும் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாட்டில், மக்கள் ‘சீக்கா’ என்று குறிப்பிடும் உடன்பாட்டில், 2005 ஜூன் 29 அன்று கையெழுத்திட்டன. பிந்தைய ஆண்டுகளில் தொழில்நுட்ப வேலைகளுக்கு இந்தியர்கள் பெருமளவில் வந்தார்கள். சாங்கி வர்த்தகப் பூங்காவைச் ‘சென்னை பிசினஸ் பார்க்’ என்று உள்ளூரில் சிலர் கேலி பேசத் தொடங்கினார்கள். வேலைகள் கைமாறுகின்றன என்ற மனக்குறை 2021-இல் நாடாளுமன்றத்தை எட்டியது. அந்த ஆண்டு ஜூலை 6 அன்று அமைச்சர்கள் ஓங் யி காங்கும் டான் சீ லெங்கும் விளக்க அறிக்கை அளித்தார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்போரில் இந்தியர்களின் பங்கு 2005-இல் ஏறத்தாழ ஏழில் ஒன்றாக இருந்து 2020-இல் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக உயர்ந்திருந்தது. அதற்குக் காரணம் சீக்கா தந்த சலுகை அல்ல, தொழில்நுட்பத் திறனுக்கு உலகெங்கும் எழுந்த தேவைதான் என்று அரசு சொன்னது.

அதே ஆண்டு பிப்ரவரியில் வேறொரு செய்தி வந்திருந்தது. இமாசலப் பிரதேசத்தின் சோலனில் உள்ள மானவ் பாரதி பல்கலைக்கழகம் பல்லாயிரக்கணக்கில் போலிப் பட்டங்களை விற்றதாக இந்தியாவில் புலன்விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் காட்டி வேலை அனுமதி பெற்ற 15 பேரை விசாரிப்பதாகச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அறிவித்தது. வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டப்படி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பதினைந்து என்பது சிறிய எண்தான். ஆனால் சந்தேகம் எண்ணிக்கை பார்த்து வளர்வதில்லை. காம்பஸில் தேசிய விகிதம் ஓர் அளவுகோலானதும், பட்டங்களுக்குச் சரிபார்ப்பு கட்டாயமானதும் இந்தச் சூழலுக்குப் பின் வந்தவை. சோலனில் ஒரு கும்பல் செய்த மோசடிக்கு, கோவையில் ஒழுங்காகப் படித்துத் தேறியவரும் பணமும் நாளும் செலவழித்துத் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. காம்பஸ் வந்த பிறகு பட்டம் நான்கு அளவுகோல்களில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பட்டத்தின் மீதான சோதனை மட்டும் முன்பைவிட இறுகிவிட்டது.

பல்கலைக்கழகத்தின் பதிவேடு

சரிபார்ப்பு என்பது இறுதியில் ஒரு பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதுதான். தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் பதிவேடு எவ்வளவு சிக்கலானது என்பது வெளியாருக்குத் தெரியாது.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் தொடங்கியது. 2001-க்கு முன்பு மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் போன்ற பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்தன. பிறகு அவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2007-இல் அந்தப் பல்கலைக்கழகமே சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரிக்கப்பட்டது. பின்னர் மதுரையும் தனியானது. 2012-இல் எல்லாம் மீண்டும் ஒன்றாயின. ஒரே கல்லூரியில் அண்ணன் 1999-லும் தம்பி 2005-லும் தங்கை 2011-லும் படிப்பை முடித்திருந்தால் மூவர் பட்டத்திலும் மூன்று பல்கலைக்கழகப் பெயர்கள் இருக்கலாம். தங்கையின் தாளில் இருக்கும் பல்கலைக்கழகம் இன்று தனியாக இல்லவே இல்லை. இந்த வரலாறு தெரியாத வெளிநாட்டுச் சரிபார்ப்பாளர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு ‘காணவில்லை’ என்று எழுதினால் அவரைக் குற்றம் சொல்வது கடினம்.

பெயரிலும் சிக்கல் உண்டு. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. மதிப்பெண் பட்டியலில் ‘ச. குமார்’ என்று ஒற்றை எழுத்துத் தலைப்போடு இருப்பவர் பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரையும் சேர்த்தவராக இருப்பார். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுக்க நேரிடும். படிப்பு முடிந்ததும் தற்காலிகச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடியவர்கள், பட்டமளிப்புச் சான்றிதழை வாங்கப் பத்தாண்டு கழித்து மனு போடுவார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போனவர்கள் ‘உண்மைத்தன்மைச் சான்று’ என்ற சொல்லை நன்கு அறிவார்கள். ஆசிரியர் பணியிலும் பதவி உயர்விலும் அதற்காகக் காத்திருந்த கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அதே சான்றை இப்போது வெளிநாடும் கேட்கிறது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் பதில் போட எடுக்கும் காலம், சிங்கப்பூர் நிறுவனம் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் காலத்தைவிட நீண்டுவிடலாம்.

அப்போஸ்டில் முத்திரை இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005-லும் சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16-லும் நடைமுறைக்கு வந்தது. ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உரிய அதிகாரிக்குரியவை என்பதை மட்டுமே அப்போஸ்டில் சொல்கிறது. படிப்பு எத்தகையது, மதிப்பெண் சரிதானா என்பது பற்றி அதற்குப் பேச்சில்லை.

மூன்று நாடுகள், மூன்று கேள்விகள்

சாங்கியில் வேலை பார்க்கும் தமிழர் பலருக்குச் சிங்கப்பூர் கடைசி நிறுத்தம் இல்லை. நிரந்தரவாசம் பற்றிய ‘பி.ஆர். போட்டாச்சா?’ என்ற கேள்விக்கு வரும் பதில் பல சமயம் ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு, ஆஸ்திரேலியா அசெஸ்மென்ட் போட்டிருக்கேன்’ என்பதாக இருக்கும். அப்போது அதே பட்டம் வேறு தராசில் ஏறுகிறது.

கனடா, கூட்டரசின் திறனாளர் குடியேற்றத் திட்டத்துக்கு 2013 மே 4 முதல் கல்விச் சான்று மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதைச் செய்யும் அமைப்புகளில் தமிழர்கள் அதிகம் நாடுவது ‘வெஸ்’ என்று சுருக்கமாக அழைக்கும் நிறுவனம். அங்கே கேட்கப்படுவது கல்வியின் நிலை. கனடாவின் எந்தப் பட்டத்துக்கு இது சமம்? இளநிலையா, முதுநிலையா? மெக்கானிக்கலா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது குடியேற்றப் புள்ளியை மாற்றாது. அறிக்கை ஐந்து ஆண்டுகள் செல்லும்.

ஆஸ்திரேலியா கேட்பது பாடப்பொருத்தம். இங்கேதான் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை முழுவதும் சிக்கிக்கொள்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் ஐ.டி. நிறுவனங்கள் மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் என்று பாராமல் அள்ளிக்கொண்டு போன தலைமுறை அது. மெக்கானிக்கல் படித்துப் பத்து ஆண்டு வங்கி மென்பொருள் எழுதியவர், கணினித் துறையினரை மதிப்பிடும் ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டியிடம் போனால், பட்டம் கணினித் துறை சார்ந்ததல்ல என்பார்கள். பட்டம் துறைக்கு நெருக்கமாக இருந்தாலே அனுபவத்தில் சில ஆண்டுகளைத் தகுதி பெறும் காலம் என்று கழித்துவிடுவது அவர்கள் வழக்கம். பட்டம் விலகி நின்றால் கழிவு இன்னும் கூடும். பட்டத்தால் ஆகாது என்றால் தம் வேலையையும் அறிவையும் விரிவாக எழுதித் திட்ட அறிக்கைகளோடு முந்தைய கற்றலுக்கு அங்கீகாரம் கோரலாம். அவரே பொறியாளர்களுக்கான இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் போனால் அங்கே மென்பொருள் அனுபவம் மெக்கானிக்கல் பொறியாளரின் அனுபவமாகாது.

பொறியாளராகவே வேலை பார்த்தவருக்கும் ஒரு வாசற்படி இருக்கிறது. பொறியியல் கல்வியை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் சிங்கப்பூர் 2006-லும் இந்தியாவும் இலங்கையும் 2014-லும் முழு உறுப்பினராயின. இதைக் கேட்டு மகிழும் தமிழ்நாட்டுப் பொறியாளர் அடுத்த விவரத்தையும் கேட்க வேண்டும். இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் கல்லூரிகளை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த மற்றக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே உடன்பாடு பொருந்தும். தமிழ்நாட்டின் பொறியாளர்களில் பெரும்பகுதியினர் இரண்டாம் அடுக்குக் கல்லூரிகளில் படித்தவர்கள், அல்லது 2014-க்கு முன்பே முடித்தவர்கள். பட்டத் தாளின் மேலே அதே ‘அண்ணா பல்கலைக்கழகம்’ என்ற பெயர்தான். ஆனாலும் கிண்டியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலேயே படித்தவர் நுழையும் வழியில் இணைப்புக் கல்லூரியில் படித்தவர் நுழைய முடியாமல் போகலாம்.

உடன்பாட்டின் வழி அடைபட்டவர்கள் தம் தொழில் வாழ்க்கையிலிருந்து மூன்று நிகழ்வுகளை எடுத்து, ‘நான் இதைச் செய்தேன்’ என்று தன்மையில் விரிவாக எழுதித் திறன் அறிக்கை தர வேண்டும். தாளைத் தாண்டி ஆளைப் பார்க்க எடுத்த அரிய முயற்சி இது. அதையும் சந்தை தாளாக்கிவிட்டது. காசு கொடுத்தால் அறிக்கை எழுதித்தரும் கடைகள் இணையத்தில் பெருகியிருக்கின்றன. எழுத்துத் திருட்டு பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், மீண்டும் விண்ணப்பிக்கத் தடையும் வரும்.

ஒரே மனிதர், ஒரே பட்டம். சிங்கப்பூர் ‘இது உண்மையானதா, எந்த நிறுவனம் தந்தது?’ என்று கேட்கிறது. கனடா ‘எந்த நிலைக்குச் சமம்?’ என்கிறது. ஆஸ்திரேலியா ‘இந்த வேலைக்கு உரிய படிப்பா?’ என்கிறது. ஓரிடத்தில் தேறியவர் அடுத்த இடத்தில் தோற்பதற்கு அவர் திறமை மாறியது காரணம் அல்ல. கேள்வி மாறிவிட்டது. அசெஸ்மென்ட் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் கன்சல்டன்சிகள் விற்பதால் இந்த வேறுபாடு விண்ணப்பதாரருக்குப் பணம் கட்டிய பிறகே தெரிகிறது.

உயிரோடு தொடர்புள்ள தொழில்கள்

மருத்துவத்திலும் செவிலியத்திலும் சந்தையை நம்ப எந்த அரசும் தயாராக இல்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டு மருத்துவர் பதிவு பெற, பொதுவாக அவருடைய பட்டம் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் அந்த அட்டவணை 160 கல்லூரிகளிலிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டில் மருத்துவ மாணவர் எண்ணிக்கை கூடியது இதற்கு ஒரு காரணம். 2019-இல் தகுதியாக இருந்த கல்லூரி 2020-இல் தகுதி இழந்தது என்றால், அதற்குள் அங்கே கற்பித்தல் கெட்டுவிட்டது என்று பொருளாகாது. அட்டவணைக்குள் இருந்தாலும் உடனே முழு உரிமை கிடையாது. முதலில் மேற்பார்வையின் கீழ் நிபந்தனைப் பதிவுதான்.

செவிலியர் கதை வேறு. வெளிநாட்டில் பயின்றவர் பொதுவாகச் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தின் உரிமத் தேர்வை எழுதித் தேற வேண்டும். 2005-இன் சீக்கா உடன்பாடு சில தொழில்களில் பரஸ்பர அங்கீகாரத்தை எதிர்நோக்கியது. செவிலியத்தில் அது கைகூடப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2018 ஜூனில் கையெழுத்தான ஒப்பந்தமும் இந்தியா முழுவதிலும் ஏழு செவிலியர் கல்வி நிறுவனங்களையே உள்ளடக்கியது. வணிக உடன்பாடு பொருள்களுக்குத் திறக்கும் வேகத்தில் பட்டங்களுக்குத் திறப்பதில்லை.

அங்கீகாரம் என்ற உறவு

பட்டத்தின் மதிப்பு அந்தத் தாளிலேயே பதிந்திருக்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 1905-இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரைப் பெற்ற அந்தப் பள்ளியின் சான்றிதழை பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 1916-இல் ஏற்றது. அதன்பின் அங்கே படித்தவர் பேரரசின் மற்றப் பகுதிகளிலும் மருத்துவராகலாம் என்ற நிலை வந்தது. அதே மன்றம் 1930-இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. மகப்பேறு மருத்துவப் பயிற்சியின் தரம் பற்றி முன்பிருந்தே தகராறு இருந்தது. யார் யாரை ஆய்வு செய்வது என்ற அதிகாரப் போட்டியும் அதில் கலந்திருந்தது. இந்தியா 1933-இல் தனக்கென மருத்துவ மன்றச் சட்டம் இயற்றியதற்கு அந்த அவமதிப்பு ஒரு முக்கியத் தூண்டுதல். 1975-இல் பிரிட்டன் மறுபடியும் இந்தியப் பட்டங்களை நேரடியாக ஏற்பதை நிறுத்தித் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. அதுவரை பிரிட்டனின் மருத்துவமனைகளைத் தாங்கியவர்களில் இந்திய மருத்துவர்கள் கணிசமானவர்கள்.

சொந்த ஊரிலேயே பட்டம் செல்லாமல் போன கதை சிங்கப்பூரிலும் உண்டு. ரிக்‌ஷாக்காரர் முதல் செல்வந்தர் வரை நிதி தந்து எழுப்பிய, சீனமொழியில் கற்பித்த நன்யாங் பல்கலைக்கழகம் 1956-இல் பாடங்களைத் தொடங்கியது. 1959-இல் அதன் தரத்தை ஆராய்ந்த பிரெஸ்காட் குழு அதன் பட்டங்களை இணையானவையாக ஏற்கப் பரிந்துரைக்கவில்லை. அங்கே படித்தவர்களுக்கு அரசு வேலையிலும் சம்பளத்திலும் பாகுபாடு நீடித்தது. 1968-இல்தான் அரசு அந்தப் பட்டங்களை முறையாக அங்கீகரித்தது. 1980-இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, இன்றைய சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. அந்தத் தேசியப் பல்கலைக்கழகம் இன்று கியூஎஸ் பட்டியலில் உலகின் முதல் பத்துக்குள் நிற்கிறது. அங்கீகாரம் மறுக்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் வாரிசு, மற்றவர்களை அளக்கும் அளவுகோலாகிவிட்டது.

இந்த நிகழ்வுகளில் எதிலும் ஒரு தனிமனிதரின் திறன் ஒரே இரவில் கூடவோ குறையவோ இல்லை. மாறியது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான உறவு. பட்டம் என்பது ஒரு நிறுவனம் எழுதிக்கொடுத்த உறுதிமொழி. அந்த உறுதிமொழியை மறுமுனையில் இருப்பவர் நம்புகிறாரா என்பதே அதன் மதிப்பு. நம்பிக்கை எந்தக் காரணத்தால் குறைந்தாலும் விலை கொடுப்பவர் பட்டத்தை வைத்திருப்பவர்தான்.

இனி என்ன?

இப்படிப் பார்த்தால், தீர்வுக்கான பொறுப்பின் பெரும்பகுதி விண்ணப்பதாரரிடம் இல்லை என்பது விளங்கும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை சிக்கலானவை அல்ல. பழைய, பிரிந்த, இணைந்த பல்கலைக்கழகங்களின் பட்டங்களை இன்று எந்த அலுவலகம் உறுதிசெய்யும் என்பதைத் தெளிவாக வெளியிட வேண்டும். உண்மைத்தன்மைச் சான்றுக்கு நாள் வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் பதில் சொல்லும் அதிகாரி யார் என்பதையும் குறிப்பிட வேண்டும். 2017-இல் தொடங்கிய தேசியக் கல்வி ஆவணக் களஞ்சியத்தில் பழைய மாணவர்களின் பட்டங்களையும் ஏற்ற வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு வேலைவாய்ப்பு விழுக்காட்டை விளம்பரப்படுத்தும் கல்லூரிகள், தம் படிப்பு எந்த அடுக்கில் அங்கீகாரம் பெற்றது, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் எடுக்கும் அந்த முடிவுதான் முப்பத்தைந்து வயதில் மெல்பர்னுக்கான வழியைத் திறக்கவோ அடைக்கவோ போகிறது.

பெறும் நாடுகளிடமும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பி கட்டுபவரைச் சோதிக்கத் திருச்சிப் பக்கம் வரை வரத் தெரிந்த ஓர் அமைப்புக்கு, பத்தாண்டு மென்பொருள் எழுதியவரைச் சோதிக்க வழி தெரியாமலிருக்காது. அதற்குச் செலவாகும், ஆகவே மலிவான தாளிடம் கேட்கிறார்கள். அந்தச் செலவை ஏற்க விருப்பமில்லாத அரசுகள், தாள் சொல்வதைத் திறமையின் அளவு என்று பேசுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம். ‘அசெஸ்மென்ட் ஃபெயில்’ என்று கேட்கும் வீடுகளில் அது அந்தப் பிள்ளையின் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெரும்பாலான சமயங்களில் தோற்றது ஒரு பதிவேடாக இருக்கும், அல்லது இரண்டு வாரியங்கள் இன்னும் போட்டுக்கொள்ளாத ஓர் ஒப்பந்தமாக இருக்கும்.